பெத்தானியா மார்த்தா: பணிசெய்யும் பெண்ணைத் தேடி வரும் மீட்பரின் அன்பு



ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 29ஆம் நாள் நம் தாய்த் திருச்சபை புனிதர்கள் மார்த்தா, மரியா, இலாசர் ஆகிய மூவரின் நினைவைக் கொண்டாடுகிறது. முன்பு உரோமைப் பொது நாள்காட்டியில் இந்த நாள் மார்த்தாவுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் ஒப்புதலோடு, 2021 ஜனவரி 26 எனத் தேதியிட்ட ஆணையின் வழியாக, திருவழிபாட்டுப் பேராயம் மரியாவையும் இலாசரையும் இந்த நினைவில் சேர்த்தது. ஆண்டவரைத் தங்கள் இல்லத்தில் வரவேற்று, அவருக்குச் செவிமடுத்து, அவரே உயிர்த்தெழுதலும் வாழ்வும் என நம்பிய குடும்பம் இது என்பதே அந்த மாற்றத்தின் பொருள்.

ஆனால் மார்த்தா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு காட்சிதான். அடுக்களையில் வேலை செய்து களைத்த ஒரு பெண், கூடத்தில் அமர்ந்திருக்கும் தங்கையைப் பற்றி ஆண்டவரிடம் முறையிடுகிறார். ஆண்டவர் அவரைத் திருத்துகிறார். பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டில் இந்த நற்செய்தி வாசிக்கப்படும்போது, நம் ஆலயங்களில் அமர்ந்திருக்கும் பெண்கள் பலர் மனதுக்குள் தலைகுனிகிறார்கள். விடியற்காலையில் எழுந்து வீட்டு வேலையை முடித்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஆலயத்திற்கு வந்து பீடத்தை அலங்கரித்து, திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி வகுப்புக்கு ஓடுபவர்கள் அவர்கள். 'இத்தனை செய்கிற நானும் குறை சொல்லப்படுகிறவள்தானா?' என்று அவர்கள் எண்ணினால் அதில் வியப்பில்லை.

உண்மையில் மார்த்தாவின் கதை அந்தக் காட்சியோடு முடிவதில்லை. நற்செய்தி நூல்களில் அவர் மூன்று முறை நம்முன் வருகிறார். அந்த மூன்றையும் சேர்த்துத் தியானிக்கும்போது, பிறருக்காகவே வாழ்ந்து பழகிய ஒரு பெண், தனக்கென்று கொடுக்கப்படும் மீட்பின் அன்பைப் பெற்றுக்கொள்ளக் கற்றுக்கொண்ட வரலாறு தெரிகிறது.

பெத்தானியா வீடு

பெத்தானியா எருசலேமுக்கு அருகே, ஒலிவ மலையின் கிழக்குச் சரிவில் இருந்த சிற்றூர். எருசலேமிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தொலைவு (யோவா 11:18). இன்று அந்த ஊர் இலாசரின் பெயரால் அல்-எய்சாரியா என அரபு மொழியில் அழைக்கப்படுகிறது. 1952க்கும் 1955க்கும் இடையே, கட்டடக் கலைஞர் அந்தோனியோ பர்லூட்சி வடிவமைத்த பிரான்சிஸ்கன் ஆலயம் ஒன்று அங்கே கட்டப்பட்டது. திருப்பயணிகள் அங்கு நின்று இலாசரின் உயிர்ப்பைத் தியானிக்கிறார்கள்.

'மார்த்தா' என்ற அரமேயப் பெயருக்கு 'தலைவி' அல்லது 'வீட்டுத் தலைவி' என்று பொருள். பெயருக்கு ஏற்பவே, ஊருக்குள் வந்த இயேசுவைத் தம் வீட்டில் வரவேற்றவர் மார்த்தா என்றே லூக்கா தொடங்குகிறார் (லூக் 10:38). இந்த முதல் வரியை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். எருசலேமை நோக்கிய பயணத்தில் சமாரியர் ஊர் ஒன்று இயேசுவை ஏற்க மறுத்ததை அதற்கு முந்தைய அதிகாரத்தில்தான் வாசிக்கிறோம் (லூக் 9:51-56). அப்படி மறுக்கப்பட்ட ஒருவருக்குக் கதவைத் திறந்தவர் மார்த்தா. எனவே அவரை அன்பில்லாதவர் என்றோ, ஆன்மிகம் இல்லாதவர் என்றோ சொல்ல முடியாது.

அத்துடன், லூக்கா இந்த நிகழ்வை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். இதற்கு முன்னால் வருவது நல்ல சமாரியர் உவமை (லூக் 10:25-37). அடிபட்டுக் கிடந்தவருக்குக் கட்டுப்போட்டுப் பணிசெய்தவரைப் போல நீயும் போய்ச் செய் என்பதே அதன் முடிவு. இதற்குப் பின்னால் வருவது இயேசு கற்றுக்கொடுத்த இறைவேண்டல் (லூக் 11:1-4). பிறருக்குப் பணி, தந்தையிடம் மன்றாட்டு ஆகிய இரண்டுக்கும் நடுவே பெத்தானியா வீடு நிற்கிறது. பணியைக் கைவிடச் சொல்லும் பாடமாக லூக்கா இதை எழுதவில்லை என்பது இதிலிருந்தே தெளிவாகிறது.

எது மார்த்தாவைக் களைப்படையச் செய்தது?

லூக்கா கிரேக்க மொழியில் எழுதியவர். மார்த்தா செய்த வேலையை அவர் 'தியாக்கொனியா' என்கிறார். பணிவிடை, திருத்தொண்டு என்று நாம் சொல்லும் சொல் அது. திருத்தூதர்களின் பணியைக் குறிக்கவும் அவர் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார் (திப 1:17, 6:4). ஆகவே மார்த்தாவின் அடுக்களை வேலை லூக்காவின் பார்வையில் தாழ்ந்ததன்று.

சிக்கல் வேறொரு சொல்லில் இருக்கிறது. அந்தப் பணியில் மார்த்தா எப்படி இருந்தார் என்று சொல்ல, 'நாலா பக்கமும் இழுக்கப்படுதல்' என்ற பொருள் தரும் வினைச்சொல்லை லூக்கா தேர்ந்துகொள்கிறார். கை ஒரு பக்கம், கவனம் ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம். அடுப்பைப் பார்க்க வேண்டும், பரிமாற வேண்டும், உள்ளே என்ன பேசுகிறார்கள் என்றும் தெரிய வேண்டும், தங்கை ஏன் எழுந்து வரவில்லை என்ற எரிச்சலும் கூடவே. வேலையின் அளவைவிட, இந்த இழுபறிதான் மனிதரை உடைக்கிறது. பத்துப் பேருக்குச் சமைத்துவிட்டு மகிழ்ச்சியோடு உட்காரும் நாளும் உண்டு. இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு அழுகிற நாளும் உண்டு. இதை விளக்கப் பெண்களுக்கு எந்த இறையியலும் தேவையில்லை.

இந்த நிலையில்தான் மார்த்தா ஆண்டவர் முன் வந்து நிற்கிறார். அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி தங்கையைப் பற்றியது என நாம் நினைக்கிறோம். சற்றுக் கூர்ந்து வாசித்தால் அது ஆண்டவரைப் பற்றியது. தான் தனியாக வேலை செய்வதைக் குறித்து ஆண்டவருக்குக் கவலையே இல்லையா என்று கேட்கிறார் (லூக் 10:40).

'உமக்கு அக்கறை இல்லையா?'

இதே சொற்களை நற்செய்தியில் இன்னோர் இடத்திலும் காண்கிறோம். கடலில் புயல் அடிக்கிறது, படகில் தண்ணீர் ஏறுகிறது, இயேசு தூங்கிக்கொண்டிருக்கிறார். சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று சீடர்கள் அவரை எழுப்புகிறார்கள் (மாற் 4:38). கிரேக்க மூலத்தில் இரு இடங்களிலும் கேள்வி ஒன்றே. புயலில் சிக்கிய மீனவர்களின் கூக்குரலும், அடுக்களையில் தனித்து விடப்பட்ட பெண்ணின் கூக்குரலும் ஒரே அச்சத்திலிருந்து பிறக்கின்றன. 'நான் மூழ்குகிறேன், உமக்கோ அக்கறை இல்லை' என்பதே அந்த அச்சம்.

பங்குப் பணியில் இருக்கும் எந்த அருள்தந்தையும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். "சாமி, முப்பது வருஷமா கோயிலுக்கும் குடும்பத்துக்கும் ஓடினேன். இப்போ எனக்கு உடம்பு முடியல. யாரும் எட்டிப் பாக்கல. கடவுளும் மறந்துட்டார்போல" என்று சொல்லும் தாய்மார்கள் எல்லாப் பங்கிலும் இருக்கிறார்கள். செவிலியர், ஆசிரியர், அருள்சகோதரிகள், நோயுற்ற மாமனார் மாமியாரைப் பல ஆண்டுகளாகக் கவனிக்கும் மருமகள்கள் ஆகியோர் உள்ளத்திலும் இந்தக் கேள்வி எழுகிறது. பலர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் பாவம் என்று அஞ்சுகிறார்கள். மார்த்தா சொன்னார். அதுவும் ஆண்டவரின் முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்த நேர்மையை ஆண்டவர் எங்கும் கண்டிக்கவில்லை.

இந்தக் கேள்விக்குத் திருத்தூதர் பேதுருவின் முதல் திருமுகத்தில் ஒரு பதில் இருக்கிறது. நம் கவலைகளையெல்லாம் கடவுள்மேல் போட்டுவிடும்படி அவர் அழைக்கிறார்; ஏனெனில் கடவுளுக்கு நம்மேல் அக்கறை உண்டு என்கிறார் (1 பேது 5:7). மார்த்தா பயன்படுத்திய 'அக்கறை' என்ற சொல்லும், இயேசு மார்த்தாவிடம் சுட்டிக்காட்டிய 'கவலை' என்ற சொல்லும் இந்த ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருகின்றன. படகில் இருந்து அந்தக் கேள்வியைக் கேட்ட சீடர்களுள் ஒருவரான பேதுருவின் பெயரால் வரும் திருமுகம் இது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மார்த்தா கேட்ட உதவியிலும் ஓர் அருள்வாக்கு மறைந்திருக்கிறது. தங்கை தனக்குத் துணைசெய்ய வேண்டும் என்பதற்கு லூக்கா எழுதும் வினைச்சொல், ஒரு சுமையின் மறுபக்கத்தைப் பிடித்துச் சேர்ந்து தூக்குவதைக் குறிக்கிறது. திருவிழா நாளில் பாரமான அண்டாவை இருவர் இரு பக்கமும் பிடித்து இறக்குவதைப் போன்றது அது. புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் இரண்டே இடங்களில் வருகிறது. ஒன்று மார்த்தாவின் வேண்டுகோள். மற்றொன்று, நம் வலுவற்ற நிலையில் தூய ஆவியார் நமக்குத் துணைநிற்கிறார் என்று பவுலடியார் எழுதும் இடம் (உரோ 8:26). தங்கையிடமிருந்து மார்த்தா எதிர்பார்த்த துணையை, கடவுளே தம் ஆவியார் வழியாக நமக்குத் தருகிறார்.

இரண்டு முறை அழைக்கப்பட்ட பெயர்

இயேசு பதில் சொல்லும்முன் மார்த்தாவின் பெயரை இரண்டு முறை சொல்லி அழைக்கிறார். விவிலியத்தில் இப்படி அழைக்கப்பட்டவர்கள் சிலரே. மகனைப் பலியிடக் கையோங்கிய ஆபிரகாம் (தொநூ 22:11), எரியும் முட்புதர் அருகே மோசே (விப 3:4), கோவிலில் படுத்திருந்த சிறுவன் சாமுவேல் (1 சாமு 3:10), மறுதலிக்கப்போகிற சீமோன் (லூக் 22:31), தமஸ்கு செல்லும் வழியில் சவுல் (திப 9:4) ஆகியோர் அவர்களுள் சிலர். ஒரு மனிதரின் வாழ்வு திரும்பும் தருணத்தில் கடவுள் இப்படிக் கூப்பிடுகிறார். அந்த வரிசையில், கையில் கரியும் முகத்தில் வியர்வையுமாக நிற்கும் ஒரு பெண்ணின் பெயரும் இருக்கிறது.

ஆகவே இதை அதட்டலாக வாசிக்கக்கூடாது. தான் என்னென்ன செய்கிறேன் என்பதையே மார்த்தா சொல்லிக்கொண்டிருந்தார். இயேசுவோ அவர் செய்த வேலையைப் பற்றிப் பேசாமல் அவரைப் பற்றிப் பேசினார். அவருடைய கவலையையும் கலக்கத்தையும் பெயர் சொல்லி எடுத்துக்காட்டினார். இத்தனை பேருக்கு நடுவே அவர் உள்ளம் படும் பாட்டைக் கண்டவர் இயேசு ஒருவரே.

தேவையானது ஒன்றே என்று ஆண்டவர் சொன்னதன் பொருளும் இங்கே விளங்கும். மரியா ஆண்டவரின் காலடியில் அமர்ந்திருந்தார். கமாலியேலின் காலடியில் கற்றதாகப் பவுல் சொல்வது போல (திப 22:3), அது ஆசிரியர் முன் மாணவர் அமரும் இடம். பெண் ஒருவர் அங்கே அமர்வதை இயேசு ஏற்றார். அந்த இடம் அவரிடமிருந்து எடுக்கப்படாது என்றும் உறுதி தந்தார். அந்த உறுதி மார்த்தாவுக்கும் ஓர் அழைப்பு. விருந்து கொடுப்பதற்காக மட்டும் ஆண்டவர் அந்த வீட்டுக்கு வரவில்லை. மார்த்தாவுக்குக் கொடுக்க அவரிடமும் ஒன்று இருந்தது. அதைப் பெற்றுக்கொள்ள மார்த்தா சிறிது நேரம் கைகளைக் காலியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்லறைக்குச் செல்லும் வழியில்

மார்த்தா அந்த அழைப்பை ஏற்றாரா? லூக்கா அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். யோவான் நற்செய்தியாளர் வேறொரு நாளில் நம்மை அதே வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். இலாசர் இறந்து நான்கு நாள்கள் ஆகின்றன.

யோவான் முதலில் ஓர் உண்மையைப் பதிவுசெய்கிறார். மார்த்தாவிடமும் அவர் சகோதரியிடமும் இலாசரிடமும் இயேசு அன்பு கொண்டிருந்தார் (யோவா 11:5). பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறவர்களில் மார்த்தாவே முதலில் நிற்கிறார். அவர் எவ்வளவு செய்தார், எதைச் சரியாகச் செய்தார் என்ற கணக்கு எதுவும் அங்கே இல்லை. அவர் அன்புசெய்யப்பட்டார், அவ்வளவுதான்.

இயேசு வருகிறார் என்று கேட்டதும் மார்த்தா எழுந்து ஊருக்கு வெளியே போகிறார். இம்முறையும் அவர் மனதில் இருப்பதை மறைக்கவில்லை. ஆண்டவர் இங்கே இருந்திருந்தால் தம் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்கிறார் (யோவா 11:21). ஆனால் முன்பு உதவி கேட்டுக் கட்டளையிட்ட அதே பெண், இப்போது நின்று கேட்கிறார். துக்க வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும். வந்தவர்களைக் கவனிக்க வேண்டும். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு வழியில் நின்று கேட்கிறார். உயிர்த்தெழுதலும் வாழ்வும் தாமே என்ற மாபெரும் வெளிப்பாட்டை இயேசு சொன்னது இந்தப் பெண்ணிடம்தான் (யோவா 11:25). இதை நம்புகிறாயா என்று அவர் கேட்டபோது, இயேசுவே மெசியா, இறைமகன், உலகிற்கு வரவிருந்தவர் என்று மார்த்தா அறிக்கையிட்டார் (யோவா 11:27). மத்தேயு நற்செய்தியில் பேதுரு செய்த அறிக்கைக்கு (மத் 16:16) இணையாக யோவான் நற்செய்தியில் நிற்பது மார்த்தாவின் இந்த அறிக்கை.

கல்லறையை மூடிய கல்லை அகற்றச் சொன்னபோது, நாற்றம் எடுக்குமே என்று தயங்கியவரும் மார்த்தாதான் (யோவா 11:39). நம்பிக்கை அறிக்கை செய்த வாயாலேயே அச்சத்தையும் சொன்னார். நம்பிக்கை என்பது ஒரே நாளில் முழுமையாவதன்று என்பதற்கு இது நமக்கு ஆறுதல். ஆண்டவர் அந்தத் தயக்கத்தைக் கண்டு பின்வாங்கவில்லை, கல் அகற்றப்பட்டது, இறந்தவர் வெளியே வந்தார். மீட்பின் அன்பு என்றால் இதுதான். நாம் மூடிவைத்த இடத்தில், நாற்றம் வருமே என்று நாம் அஞ்சும் இடத்தில், ஆண்டவர் வந்து நிற்கிறார்.

மீண்டும் பந்தியில்

மூன்றாவது காட்சிக்கு நற்செய்தியாளர் ஒரே வரியைத்தான் ஒதுக்குகிறார். பாஸ்கா விழாவுக்கு ஆறு நாள்களுக்கு முன்பு பெத்தானியாவில் இயேசுவுக்கு விருந்து நடந்தது. மார்த்தா உணவு பரிமாறினார் (யோவா 12:2). லூக்கா எழுதிய அதே பணிவிடைச் சொல்லையே யோவானும் எழுதுகிறார். மார்த்தா வேலையை விட்டுவிடவில்லை. மரியா இம்முறையும் அடுக்களைக்கு வரவில்லை. நறுமணத் தைலத்தால் இயேசுவின் காலடிகளில் பூசிக்கொண்டிருந்தார். சூழ்நிலையில் மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் முறையீடு இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தல் இல்லை. விலை உயர்ந்த தைலம் வீணானதே என்று கணக்குப் பார்த்தவர் யூதாசு, மார்த்தா அல்லர்.

லூக்காவும் யோவானும் தனித்தனியே எழுதியவர்கள்தாம். ஆயினும் இந்த மூன்று காட்சிகளையும் சேர்த்து வாசிக்கும்போது, அன்பைச் சம்பாதிக்க ஓடிய பணி, அன்பைப் பெற்றதால் பிறக்கும் பணியாக மாறியதைப் பார்க்கிறோம்.

முதலில் பெற்றுக்கொள்வது ஏன்?

நற்செய்தி முழுவதும் இதே ஒழுங்கு தொடர்கிறது. சீமோன் பேதுருவின் மாமியார் காய்ச்சலில் கிடந்தார். இயேசு அருகில் வந்து, கையைப் பிடித்து, அவரை எழுப்பினார். அதன் பிறகே அவர் பணிவிடை செய்தார் (மாற் 1:29-31). இயேசுவுடன் சென்று தங்கள் உடைமைகளைக் கொண்டு பணிசெய்த மகதலா மரியா, ஏரோதின் மாளிகை மேற்பார்வையாளரான கூசாவின் மனைவி யோவன்னா, சூசன்னா முதலிய பெண்களைப் பற்றிச் சொல்லும்போது, அவர்களுள் சிலர் முதலில் குணம் பெற்றவர்கள் என்பதை லூக்கா மறக்காமல் குறிப்பிடுகிறார் (லூக் 8:1-3). பெற்றதே பணியாக வெளிப்பட்டது.

இதன் ஆணிவேர் இயேசுவின் சொந்த வாழ்வில் இருக்கிறது. மானிடமகன் வந்தது தொண்டு ஏற்பதற்கு அல்ல, தொண்டு ஆற்றுவதற்கும் பலருடைய மீட்புக்கு ஈடாகத் தம் உயிரைக் கொடுப்பதற்கும் என்று அவரே விளக்கினார் (மாற் 10:45). அப்படியானால், பணிவிடை செய்பவர்களில் முதல்வர் ஆண்டவரே. நமக்காக அவர் செய்த பணியின் பெயர்தான் மீட்பு. தம் கால்களைக் கழுவவிடமாட்டேன் என்று பேதுரு மறுத்தபோது, கழுவப்படாவிட்டால் தம்மோடு பங்கில்லை என்று இயேசு கண்டிப்பாகச் சொன்னார் (யோவா 13:8). ஒருவர் ஒருவருடைய கால்களைக் கழுவுங்கள் என்ற கட்டளை அதற்குப் பிறகுதான் வருகிறது (யோவா 13:14). பேதுருவின் மறுப்பு தாழ்ச்சி போலத் தோன்றும். நம் பெண்களில் பலரும் அப்படித்தான்: 'எனக்கு எதுக்கு? மத்தவங்க நல்லா இருந்தாப் போதும்' என்பார்கள். கேட்க நல்லதாக இருக்கிறது. ஆனால் ஆண்டவர் நம் முன் முழந்தாளிடும்போது கால்களை இழுத்துக்கொள்வது தாழ்ச்சியன்று.

புனிதர்களின் சாட்சியம்

திருச்சபை நெடுகிலும் இந்த உண்மையைக் கண்டுணர்ந்திருக்கிறது. புனித அகுஸ்தினார் மார்த்தா, மரியா பற்றிய தம் மறையுரைகளில், மார்த்தாவின் பணி நல்லதே என்று வலியுறுத்தினார். பசித்தோர் இல்லாத விண்ணகத்தில் அந்தப் பணி முடிவுறும், மரியா தெரிந்துகொண்டதோ என்றும் நிலைக்கும் என்று விளக்கினார்.

அவிலா நகர் புனித தெரேசா 1577ஆம் ஆண்டு எழுதிய 'உள்ளக் கோட்டை' என்னும் நூலின் இறுதிப் பகுதியில், ஆண்டவரை உபசரிக்க மார்த்தாவும் மரியாவும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று தம் சகோதரிகளுக்குக் கற்பித்தார். துறவு மடத்துக்குள் அமர்ந்து எழுதியவர் மட்டுமல்லர் அவர். 1562இல் அவிலாவில் புனித சூசையப்பர் மடத்தைத் தொடங்கியதிலிருந்து, உடல்நலக் குறைவோடு, வண்டிகளிலும் கோவேறு கழுதைகளிலும் பயணம் செய்து மடங்களை நிறுவியவர். 1970இல் திருத்தந்தை புனித ஆறாம் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

நம் காலத்துக்கு நெருக்கமான சாட்சி புனித அன்னை தெரேசா. 1946 செப்டம்பர் 10ஆம் நாள் டார்ஜிலிங் நோக்கிய இரயில் பயணத்தில் அவர் புதிய அழைப்பைப் பெற்றார். 1950 அக்டோபர் 7இல் அவருடைய பிறரன்பு மறைப்பணியாளர் சபை அங்கீகாரம் பெற்றது. அச்சபையின் சிற்றாலயங்களில் சிலுவைக்கு அருகே, இயேசு தம் தாகத்தை வெளிப்படுத்திய வார்த்தை (யோவா 19:28) எழுதப்பட்டிருக்கும். 1993 மார்ச் 25 எனத் தேதியிட்டு, வாரணாசியிலிருந்து தம் சபையினருக்கு அன்னை எழுதிய கடிதத்தில், அவர்களுள் சிலர் இயேசுவை இன்னும் நேருக்குநேர் சந்திக்கவில்லையோ என்ற தம் கவலையைத் தெரிவித்தார். பகலெல்லாம் ஏழைகளுக்கு உழைத்த சகோதரிகளுக்கே இதை எழுதினார் என்பதைக் கவனியுங்கள். இயேசு தங்களைத் தனிப்பட்ட முறையில் அன்புசெய்கிறார் என்பதை நூல்களிலிருந்து மட்டும் அறிந்தால் போதாது, உள்ளத்தில் கேட்க வேண்டும் என்று அவர் விரும்பினார்.

இத்துடன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2007இல் வெளியான அன்னையின் கடிதங்கள், பல ஆண்டுகள் அவர் கடவுளின் உடனிருப்பை உணர்வளவில் சுவைக்காமல் இருளில் நடந்ததை உலகுக்குக் காட்டின. எனவே அன்பைப் பெற்றுக்கொள்வது என்றால் எப்போதும் இதமான உணர்வு இருக்க வேண்டும் என்று பொருளில்லை. வறண்ட நாளிலும், 'நீர் என்னை அன்புசெய்கிறீர்' என்று நம்பி, அவர் முன் அமர்ந்திருப்பதும் பெற்றுக்கொள்வதுதான்.

திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2005 டிசம்பர் 25 தேதியிட்ட, 'கடவுள் அன்பாயிருக்கிறார்' என்ற தம் முதல் சுற்றுமடலில், அன்பைக் கொடுக்க விரும்புகிறவர் அதைக் கொடையாகப் பெறவும் வேண்டும், எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்க மனிதரால் இயலாது என்று கற்பித்தார் (எண் 7). ஊற்றிலிருந்து பெறாத குடம் எத்தனை பேருக்குத் தண்ணீர் ஊற்ற முடியும்?

இன்று நாம் செய்யக்கூடியவை

அன்புச் சகோதரிகளே, பெற்றுக்கொள்வதற்குச் சில எளிய வழிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

1. நாளின் வேலை தொடங்கும்முன் பத்து நிமிடம் நற்செய்தியோடு அமருங்கள். குடும்பத்துக்காகவும் பிறருக்காகவும் மன்றாடுவதற்கு முன், ஆண்டவர் உங்கள் பெயரைச் சொல்லி அழைப்பதைக் கேளுங்கள்.

2. திருப்பலிக்கு மாதத்தில் ஒருமுறையாவது எந்தப் பொறுப்பும் இன்றி வாருங்கள். வாசகம், காணிக்கை, அலங்காரம் எதையும் எண்ணாமல், விருந்துக்கு அழைக்கப்பட்டவராக அமருங்கள். தலைவரே இடையைக் கட்டிக்கொண்டு பணியாளர்களைப் பந்தியில் அமர்த்திப் பரிமாறுவார் என்று இயேசு சொன்னது (லூக் 12:37) நற்கருணையில் நிறைவேறுகிறது.

3. ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரும்போது, முடிக்காத வேலைகளைப் பாவமாகப் பட்டியலிட வேண்டாம். உள்ளத்தின் கசப்பையும், ஒப்பிடுதலையும், நன்றி கிடைக்காத கோபத்தையும் கொண்டு வாருங்கள். மன்னிப்பைப் பெற்றவரே மிகுதியாக அன்புகூர்கிறார் என்பதை இயேசு காலடியில் அழுத பெண் நமக்குக் காட்டுகிறார் (லூக் 7:36-50).

4. உதவி கேளுங்கள், யாராவது செய்ய வந்தால் மறுக்காதீர்கள். நோயுற்றபோது மற்றவர் தரும் ஒரு குவளை கஞ்சியும் ஆண்டவரின் அன்பு வரும் வழிதான்.

5. அடியையும் இழிசொல்லையும் பொறுத்துக்கொண்டு வாழ்வதைப் பணிவிடை என்று யாரும் உங்களுக்குக் கற்பித்தால் நம்பாதீர்கள். தம் உயிரையே ஈடாகக் கொடுத்து உங்களை மீட்டவர், நீங்கள் நசுக்கப்படுவதை விரும்புவதில்லை. அத்தகைய நிலையில் உள்ளவர்கள் நம்பத்தக்கவர்களிடம் சொல்லிப் பாதுகாப்புத் தேடுவது முற்றிலும் சரியானது.

பங்குச் சமூகத்துக்கும், குறிப்பாக ஆண்களுக்கும், ஒரு வார்த்தை. மார்த்தாவின் கதையைச் சொல்லிப் பெண்களைச் செபிக்க அனுப்பிவிட்டு, பாத்திரங்களை மட்டும் அவர்களுக்கென்றே விட்டுவைப்பது நியாயமன்று. அந்த விருந்தில் அமர்ந்திருந்தவர்களுள் யாராவது எழுந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்திருந்தால், மார்த்தாவும் சற்றே ஆண்டவரின் காலடியில் அமர்ந்திருக்கலாம். திருவிழா அசனத்துக்குக் காய் நறுக்கவும், பரிமாறவும், அண்டா கழுவவும் ஆண்களும் இளைஞர்களும் முன்வரட்டும். அன்பியப் பொறுப்புகள் ஒருவர் தோளிலேயே ஆண்டுக்கணக்கில் இருக்காமல் முறை மாறட்டும். தியான நாள்களில் சமையல்கட்டில் நிற்கும் பெண்கள் தியானத்தைக் கேட்க முடிகிறதா என்று பங்குப் பேரவை முதலில் பார்க்கட்டும். உழைத்து ஓய்ந்த மூத்த தாய்மார்களின் வீட்டுக்கு நற்கருணையோடு, நம் நேரத்தையும் கொண்டு செல்வோம்.

அன்பார்ந்த சகோதரிகளே, நீங்கள் செய்த பணி எதையும் ஆண்டவர் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பணி தொடங்குவதற்கு முன்பே, நீங்கள் எதுவும் செய்ய இயலாமல் படுத்திருக்கும் நாளிலும், அவர் உங்களை அன்புசெய்கிறார். இதை நம்புகிறாயா என்று மார்த்தாவிடம் கேட்டவர் இன்று உங்களிடமும் கேட்கிறார்.

செபிப்போம்

ஆண்டவரே இயேசுவே, பெத்தானியா வீட்டில் களைத்து நின்ற மார்த்தாவின் பெயரைச் சொல்லி அழைத்தீரே, எங்கள் வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் பங்குகளிலும் உழைக்கும் எல்லாப் பெண்களையும் இன்று பெயர் சொல்லி அழைத்தருளும். கொடுத்துக் களைத்த கைகளை உமது அன்பால் நிரப்பும். எங்கள் சுமையின் மறுபக்கத்தை உம் தூய ஆவியார் தாங்குவாராக. உம்மிடம் பெற்றதையே பிறருக்குப் பரிமாறும் மகிழ்ச்சியை எங்களுக்குத் தாரும். ஆமென்.